செண்டுமல்லித் தொட்டி

என் வீட்டுக்காரர் ஜோதிலிங்கத்துக்கு மனிதர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. புத்தகத்தின் மேல்தான். அதுவும் எல்லாப் புத்தகத்தின் மேலும் இல்லை.

விமானப்படையில் இருபது வருடம் சரக்கு விமானங்களைப் பழுது பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு தில்லி லக்ஷ்மிபாய் நகரில், என் வேலைக்காகக் கிடைத்த குவார்ட்டர்ஸின் சாப்பாட்டு மேஜையில், பிளாஸ்டிக் விமானங்கள் செய்கிறார். நிஜ விமானத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறோம்.

ஞாயிறு தவறாமல் தரியாகஞ்ச் பழைய புத்தகச் சந்தைக்குப் போவார். எந்த விமானப் புத்தகத்தை எடுத்தாலும் சக்கரம் உள்ளே மடங்கும் குழியின் படம் இருக்கிறதா என்றுதான் முதலில் புரட்டுவார். இல்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுவார். ஓவியர் வரைந்த வண்ணப் படத்தைக் கண்டால் எரிந்து விழுவார். "வரைஞ்சவன் அந்த விமானத்தைப் பாத்தே இருக்க மாட்டான். போட்டோ வேணும். கீழே எந்த வருஷம்னு போட்டிருக்கணும்" என்பார். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை.

மூன்று மாதம் முன்பு மோதி பாக்கிலிருந்து அம்சவேணி வந்தாள். ஈரோட்டுக்காரி. அவள் கணவர் ஜெயசீலன் போர் விமானங்களைப் பழுது பார்த்தவர், போன வருடம் இறந்துவிட்டார்.

"அவரு வேலை பாத்த மிக் விமானத்தைச் செஞ்சு குடுங்ணா. வருசத் திதி அன்னிக்கு அவரு போட்டோ பக்கத்துல வெக்கோணும். இடது பக்கம், பைலட் உக்கார்ற எடத்துக்குக் கீழ ஒரு ஒட்டு இருக்கும். பறவை அடிச்சு ஓட்டையானதை அவருதான் தகடு வெச்சு அடைச்சாரு. ஸ்டோர்ல அதே பச்சை கிடைக்கலைன்னு கரும்பச்சை பூசுனாரு. ஃபேமிலி டேன்னு குடும்பத்தையெல்லாம் உள்ள விடற அன்னிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு. நான் கைய வெச்சே பாத்தேனுங்ணா."

"அச்சா, அச்சா" என்று இவர் தலையாட்டினார். அவள் படியிறங்கியதும், "இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. மனசு எதையாவது நினைச்சுக்கும். புக்குல பாத்துக்கலாம்" என்றார்.

தரியாகஞ்சில் தடியாக ஒரு வெளிநாட்டுப் புத்தகம் கிடைத்தது. அதே விமானம், அம்சவேணி எழுதிக் கொடுத்த அதே நம்பர், இரண்டு பக்கம் நிறைந்த போட்டோ. உடம்பில் ஒட்டும் இல்லை, ஒரு கீறலும் இல்லை. கீழே வருஷமும் இல்லை. ஒவ்வொரு ஆணியும் எண்ணும்படி தெரிந்த சந்தோஷத்தில் தன் சட்டத்தையே மறந்துவிட்டார்.

"அவ தொட்டுப் பாத்தேங்கிறாளே, ஒரு வார்த்தை கேளுங்களேன்" என்றேன்.

"நீ சும்மா இரு. போட்டோ பொய் சொல்லாது."

அப்படியானால் அம்சவேணி பொய் சொல்கிறாளா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தெட்டு வருடமாக அமைச்சகத்தில் ஃபைல் பார்க்கிறேன். தேதி இல்லாத காகிதத்தை நான் நம்பியதே இல்லை.

திதிக்கு முதல் நாள் காலையில் அவள் வந்தாள். விமானத்தை இரண்டு கையாலும் வாங்கி இடது பக்கம் திருப்பினாள். முகம் மாறியது.

"ஒட்டு எங்கீங்ணா?"

இவர் புத்தகத்தை விரித்து அவள் முன்னால் தள்ளினார். "நீயே பாரும்மா. ஒட்டே கிடையாது. இதைவிட என்ன ஆதாரம் வேணும்?"

அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு படத்தின் ஓரத்தில் விரல் வைத்தாள். அங்கே பாதி வெட்டுப்பட்டு ஒரு செண்டுமல்லித் தொட்டி இருந்தது.

"பறக்கற விமானத்துக்குப் பக்கத்துல யாருங்ணா பூந்தொட்டி வெப்பாங்க? ஒரு திருகாணி கிடந்தாக்கூட எஞ்சின் உறிஞ்சிக்கும்னு அவங்கெல்லாம் தரையைப் பாத்துப் பொறுக்கிட்டே நடப்பாங்களே."

என் வீட்டுக்காரர் குனிந்து அந்தத் தொட்டியைப் பார்த்தார். இருபது வருடம் அவரும் அப்படித் தரையைப் பார்த்துப் பொறுக்கி நடந்தவர்தான். விமானத்தின் வேலை முடிந்து, ஏதோ ஒரு வாசலில் காட்சிக்கு நிறுத்தி, எவனோ ஒப்பந்தக்காரன் ஒட்டோடு சேர்த்துப் புதுப் பெயின்ட் அடித்த பிறகு எடுத்த படம் அது. மூன்று மாதம் தினமும் பார்த்தவர் கண்ணில் அந்தத் தொட்டி படவே இல்லை.

"சின்ன ஒட்டுதானேம்மா" என்று இழுத்தார். "மத்தபடி விமானம் அச்சு அசல்..."

"வாயை மூடுங்க!" என்று கத்திவிட்டேன். கல்யாணமாகி முதல் தடவை, அதுவும் வெளியாள் முன்னால். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

அம்சவேணி கத்தவில்லை. விமானத்தை மேஜையில் வைத்தாள்.

"விமானம் எனக்கு எதுக்குங்ணா? அதுல அவரு கைவேலைன்னு இருந்தது அந்த ஒட்டு ஒண்ணுதான். அதைப் பாக்கத்தான் கேட்டேன்."

அவர் புத்தகத்தை மூடினார். கரும்பச்சை டப்பாவைத் திறந்து, மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு பெரிசும்மா?" என்று கேட்டார்.

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நாற்பத்தெட்டால் வகுத்தால் ஓர் எள் அளவு. அந்த எள்ளளவு பச்சைக்கு, மூன்று மாதம் முன்பே இந்த மேஜையில் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.