இடக்கையைக் கழற்றிய சனிக்கிழமை

பலெர்மோவில் எங்கள் வீட்டுக்கு இத்தாலியனில் யார் போன் எடுத்தாலும் பதில் சொல்லவேண்டிய ஆள் நான்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மாவின் இத்தாலியன் வீடு துடைக்கும் இத்தாலியன். வேலைக்குப் போகும் வீட்டுச் சிஞ்ஞோராவின் முகத்தையும் கையையும் பார்த்தால்தான் அது வேலை செய்யும். போனில் முகமும் தெரியாது, கையும் தெரியாது. அதனால் மின்சாரக் கட்டணக்காரர், பள்ளிக்கூட ஆசிரியை, குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் அதிகாரி எல்லோரும் என்னோடுதான் பேசினார்கள். இதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, ஒரு சொல்லைக் குறைக்கவும் கூடாது என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைதான் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவின் உயிரைப் பாதி எடுத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு கார். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பொலிதேயாமா பகுதியில் ஒரு பல் வைத்தியர் வீட்டில் வேலை செய்தார். சமைப்பது, நாயை உலாத்தக் கூட்டிப்போவது, வைத்தியரின் காரை ஓட்டுவது எல்லாம் அவர்தான். அந்தக் கார் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. மாமாவைவிட வயது கூடியது. நீண்ட மூக்கு, இரண்டே இரண்டு கதவு. எஞ்சினைத் தொடக்கினால் தெருவிலுள்ள யன்னல் கண்ணாடிகள் எல்லாம் அதிரும். நேர்த்தெருவில் அது புலி. ஆனால் ஒரு வளைவு வந்துவிட்டால் புலி பூனையாகிவிடும். பிரேக்கை மிதித்தால் மூக்கு நிலத்தைக் குத்தப் பார்க்கும். திருப்பினால் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு, மனம் வந்தபிறகுதான் திரும்பும்.

“அக்கா, அது கார் இல்லை, வள்ளம்,” என்பார் மாமா.

பெல்லெக்ரீனோ மலைப்பாதையில் ஒருநாள் அந்த வள்ளம் திரும்ப மனமில்லாமல் மதிலை நோக்கிப் போயிருக்கிறது. மயிரிழையில் தப்பினார்கள். கீழே இறங்கிய வைத்தியர், எஞ்சினைத் தொடவேண்டாம், முன்பக்கத்து அடிப்பாகத்தை முழுதாக மாற்றுவோம் என்று முடிவெடுத்தார். அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாகச் சாமான் வந்தது. மாமா எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டியையும் ஒரு தேசிக்காயையும் வைத்து விளக்கினார். தேசிக்காய்தான் சக்கரம். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கரண்டிகள் பழைய இரும்புகள், வளைவில் அவை நெளிந்துகொடுக்கின்றன. புதியவை நெளியாது. ஸ்பிரிங்கும் இறுக்கமானது. குலுக்கத்தை அடக்க இரண்டு புது ஷொக் அப்சோபர்.

“ஷொக் அப்சோபர் எண்டால் அதிர்ச்சியை விழுங்கிற சாமான், அக்கா.”

“அப்ப அதில ஒண்டை எனக்கும் பூட்டிவிடு. உன்னாலை நான் படுற அதிர்ச்சி கொஞ்சமே?” என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தோம். மாமா அவ்வளவு விளக்கினாரே, அந்த இரும்புகளுக்கு இத்தாலியனில் என்ன பெயர் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒரேத்தோவில் இருந்த ஒரு கராஜில் வேலை நடந்தது. அந்தச் சனிக்கிழமை மாமாவுக்கு லீவு. வைத்தியர் கேட்காமலே மெக்கானிக்குக்கு உதவப் போய்விட்டார். மத்தியானம் சாப்பிட வருவேன் என்று சொல்லியிருந்ததால் அம்மா நண்டுக்கறி வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் போன் அடித்தது. மறுமுனையில் மெக்கானிக். பின்னால் சுத்தியல் சத்தம். அவர் கத்திக் கத்திப் பேசினார். நான் வாசித்த பாடத்தை ஒப்பிப்பதுபோல ஒவ்வொரு வரியாக அம்மாவுக்குச் சொன்னேன்.

“மாமா சாப்பிட வரமாட்டாராம்.”

“ஏனாம்?”

கேட்டேன். பதில் வந்தது. “மாமா காருக்குக் கீழையாம்.”

அம்மா அகப்பையைக் கறிச் சட்டிக்குள் விட்டுவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் நிறுத்தவில்லை. இடது பிராச்சோவைக் கழற்றிவிட்டோம் என்றார். பிராச்சோ என்றால் கை. முதலாம் வகுப்பிலேயே படித்த சொல்.

“இடக்கையைக் கழட்டிப்போட்டினமாம்.”

அடுத்தது தெஸ்தீனா. அதை நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் தெஸ்தா என்றால் தலை, பின்னால் ஈனா வந்தால் சின்னது. என் இலக்கணத்தில் பிழையே இல்லை. “சின்னத் தலையும் போயிட்டுதாம்.”

பிறகு ஒரு நீண்ட சொல் வந்தது. அதன் நடுவில் மோர்த்தி என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது. பலெர்மோவில் வளரும் பிள்ளைக்கு மோர்த்தி இனிப்பான சொல். நவம்பரில் செத்தவர்கள் வந்து எங்களுக்குச் சீனிப் பொம்மை வைத்துவிட்டுப் போகும் நாள் அது. நான் தயங்காமல் சொன்னேன். “செத்த ஆக்களைப் பற்றியும் ஏதோ சொல்லுறார், அம்மா. ரெண்டு பேராம். புதுசாம்.”

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் பயந்து வாயை மூடியிருப்பேன். முகத்தில் இரத்தமே இல்லாமல், கடையில் விலை கேட்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

“கையில மணிக்கூடு கிடக்கோ எண்டு கேள்.”

எனக்கு அந்தக் கேள்வி விசித்திரமாக இருந்தது. ஆனால் மொழிபெயர்ப்பவள் கேள்வி கேட்கக்கூடாதே. அந்தச் சுத்தியல் சத்தத்தில் மெக்கானிக்குக்கு மணிக்கூடு என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்திருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்.

“இருக்காம். ஆனா நிண்டுபோச்சாம்.”

அம்மா அப்படியே குசினி நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு அவரை என்ன செய்வதென்று தெரியவில்லை. அதற்குள் மெக்கானிக் போனை வைத்துவிட்டார். திருப்பி எடுத்தோம், யாரும் தூக்கவில்லை. மாமாவின் போனும் அடித்து அடித்து ஓய்ந்தது. அப்பா ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் போன் எடுக்க முடியாது.

சிறிது நேரத்தில் அம்மா எழும்பி அடுப்பை அணைத்தார். அலுமாரியைத் திறந்து, மாமா கோவிலுக்குக் கட்டும் வெள்ளை வேட்டியை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தார். கட்டுப்போடத் துணி எடுக்கிறார் என்று நினைத்தேன். கட்டுப்போடத் துவாய் போதாதா, எதற்கு இவ்வளவு பெரிய வேட்டி என்றும் நினைத்தேன். பஸ்ஸில் அம்மா அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. பெல்லெக்ரீனோ மலைமேல் கோவில்கொண்டிருக்கும் சாந்தா ரொசாலியாவுக்கும், நல்லூர்க் கந்தனுக்கும் ஒரே மூச்சில் நேர்த்தி வைத்தார்.

கராஜின் கதவு திறந்திருந்தது. காரின் முன்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது, சக்கரங்கள் இல்லை. காருக்குக் கீழே நீலக் காற்சட்டை போட்ட இரண்டு கால்கள். இடுப்புக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. அம்மாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்பும் சரி, பிறகும் சரி, அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதில்லை.

அந்தக் கால்கள் துள்ளின. உள்ளே தலை இரும்பில் இடிபட்டது. பலெர்மோத் தெருவின் மிகக் கெட்ட சொல் ஒன்றைச் சொல்லிக்கொண்டே மாமா வெளியே ஊர்ந்து வந்தார். முகமெல்லாம் கிறீஸ். இரண்டு கைகளும் இருந்தன.

“என்னக்கா, இஞ்சை நிக்கிறாய்?”

அம்மா பளாரென்று அவர் கன்னத்தில் ஒன்று போட்டார். பிறகு அவரது இடக்கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தார்.

“மணிக்கூடு எங்கை?”

“எண்ணெய் படும் எண்டு கழட்டி வைச்சனான். இந்தா, பொக்கற்றுக்கை கிடக்கு.”

அதை வாங்கி அம்மாவே அவர் கையில் கட்டினார். வேட்டியால் அவருடைய கையைத் துடைத்தார். வெள்ளை வேட்டி கறுப்பாகிப் போயிற்று. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த மாமா அந்த வேட்டியைக் கண்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டார். “அக்கா,” என்றார்.

மெக்கானிக் என்னைக் கூப்பிட்டு, பழைய பத்திரிகைத் தாளில் கிடந்த கரிய கவர்த்தடி போன்ற இரும்பைக் காட்டினார். அதுதான் பிராச்சோ. அதன் நுனியில் தேய்ந்துபோய் ஆடிக்கொண்டிருந்த குமிழ்தான் தெஸ்தீனா. அந்த நீண்ட சொல் அம்மோர்த்திட்சத்தோரி, வேறொன்றும் இல்லை, ஷொக் அப்சோபரின் இத்தாலியப் பெயர். அவர் போனில் சொன்ன மணிக்கூடு காரின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருந்தது. அது நின்று எத்தனையோ வருடங்களாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இரும்புக்குக் கையென்றும் தலையென்றும் பெயர் வைத்தது யார் பிழை? என்னுடையதா? நான் கத்தியதைக் கேட்டு மெக்கானிக் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அன்றிலிருந்து கலியாணவீடுகளில் எல்லாம் இந்தக் கதை ஓடியது. அம்மாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

நான் வேலைக்குப் போன முதல் மாதம் அம்மாவுக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் அதைக் கட்டவில்லை. குறை நினைக்காதே என்று பெட்டியை என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டுத்தான் சொன்னார். எங்கள் சாமித்தட்டுக்குப் பக்கத்தில் மாலையோடு இருக்கும் படம் அம்மாவின் அண்ணனுடையது. யாழ்ப்பாணத்தில் சந்தைக்குப் போனவர். ஷெல் விழுந்தது. வீட்டுக்காரர் பார்த்து அடையாளம் சொல்வதற்கென்று ஆஸ்பத்திரியில் இருந்தது ஓர் இடக்கை மட்டும்தான். அதில் மணிக்கூடு கிடந்தது, நின்றுபோயிருந்தது. போய்ப் பார்த்து ஓம் என்று சொன்னது அம்மா. அப்போது அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. வீட்டிலிருந்து ஒரு வெள்ளை வேட்டி கொண்டுபோய் அதில் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். வாசலில் நின்று அந்த வேட்டியைப் பார்த்தது மாமா.

அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை, நேர்த்தியை நிறைவேற்ற, வைத்தியரிடம் கேட்டு அந்தக் காரிலேயே மலைக்குப் போனோம். வழக்கமாக நடந்துதான் ஏறுவோம். மாமா ஓட்டினார். அம்மாவும் நானும் பின்னால் இருந்தோம். கார் இப்போது சாயவில்லை, மூக்கைக் குத்தவில்லை. நினைத்த இடத்தில் திரும்பியது. மாமாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வளைவு வரும்போதெல்லாம் அம்மா, “தம்பி, மணி என்ன?” என்று கேட்டார். மாமாவும் சலிக்காமல் ஒவ்வொரு முறையும் இடக்கையை அம்மா பார்க்கும்படி உயர்த்தி மணி சொன்னார்.

காரின் மணிக்கூடு ஓடாததால்தான் அம்மா கேட்கிறார் என்று நான் நினைத்தேன். இவ்வளவு செலவழித்து முன்பக்கத்தை மாற்றியவர்கள் அதையும் ஒருக்கால் திருத்தியிருக்கலாமே என்று மாமாவுக்குப் புத்தி சொன்னேன்.

“அது கிடக்கட்டும், பிள்ளை,” என்றார் மாமா. அடுத்த வளைவு வந்தது. அம்மா கேட்பதற்கு முன்பே அவர் கையை உயர்த்தினார்.