பூசைக்கு வைத்த பலகை

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் பம்புசெட் செய்யும் தொழிற்சாலை ஒன்றுக்கு அஜைல் முறை கற்றுக்கொடுக்கப் போயிருந்தேன். பெரிய மந்திரமெல்லாம் இல்லை. வேலை ஒவ்வொன்றையும் மஞ்சள் சீட்டில் எழுதிப் பலகையில் 'கிடக்கிறது', 'நடக்கிறது', 'முடிந்தது' என்ற வரிசைகளில் ஒன்றில் ஒட்ட வேண்டும். தினமும் காலையில் அதன் முன் நின்று எது முடிந்தது, எது முடங்கிக் கிடக்கிறது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த 'ஒளிக்காமல்'தான் உதைத்தது. யாரைக் கேட்டாலும், "பிரச்சினை ஒன்னுமில்லீங்க" என்பார்கள். பாழாய்ப்போன மரியாதை!

முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. ஆயுத பூசைக்குக் கோயம்புத்தூரிலிருந்து வரும்போது பலகையைப் பார்ப்பாராம். அதில் உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் நான் மூட்டை கட்டலாமாம். எனக்கோ கைவசம் வேறு வேலை இல்லை.

பெயின்ட் பிரிவைக் கவனித்துவந்த ஓர் அம்மாவிடம் புலம்பினேன். தென்னந்தோப்பும் வாய்த்துடுக்கும் உள்ளவர்.

"நெசத்தை எழுதோணும், அவ்வளவுதானுங்களே?" என்றார்.

பூசையன்று காலை ஒரு சீட்டை ஒட்டினார்: 'பெயின்ட் பிரிவுக்குப் புகை இழுக்கும் ஃபேன். முதலாளி சரி சொல்லாமல் கிடக்கிறது.'

நான் பதறிப்போய் ஓடுவதற்குள் பலகையை லேத் மெஷின் பக்கத்தில் சாத்தி, சந்தனம் பூசி, மாலையும் போட்டுவிட்டார்கள்.

"பூசைக்கு வெச்சாச்சுங்க. நாளைக்கு எடுக்கற வரைக்கும் ஆரும் தொடக்கூடாது" என்றார் அந்த அம்மா. என் லேப்டாப்பை மட்டும் பூசைக்கு வைக்க யாரும் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான்.

தீபாராதனை முடிந்ததும், பொரியை மென்றுகொண்டே எல்லோரும் பலகையைப் படித்தார்கள். முதலாளியும் படித்தார். முகம் சிவந்தது. கை சீட்டை நோக்கிப் போனது.

"ஏனுங்க, சாமி குத்தமாயிருமுங்க" என்று அந்த அம்மா பொரித் தட்டை நீட்டினார். நீண்ட கை கும்பிடாக மாறியது. நான் மனத்துக்குள் துணி மடிக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் காலை, பூசை எடுத்த கையோடு முதலாளி வந்தார். பின்னால் எலக்ட்ரீசியன், தோளில் ஃபேன். முதலாளி நேராகப் போய்ச் சீட்டைப் பிய்த்து, 'முடிந்தது' வரிசையில் ஒட்டினார்.

"மாட்டுனதுக்கப்பறந்தானுங்க முடிஞ்ச மாதிரி" என்று அந்த அம்மா அதை எடுத்து 'நடக்கிறது' வரிசையில் ஒட்டினார். சுற்றி நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இருங்க. ஆனா அடுத்த வருசம் அந்தப் பலகையைப் பூசைக்கு வெக்க வேண்டாமுங்க."