எண் இல்லாமல் ஓடிய போட்டி

எண்பதுகளின் நடுவில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்போது எனக்கு வயது இருபத்து மூன்று. பிள்ளைகளுக்குப் பால்மா கேட்டு ஒரு கடுதாசியோடு தோட்டத்து ஆபிஸுக்குப் போனபோதுதான் சுவரில் அந்த அறிவித்தலைப் பார்த்தேன். தோட்டங்களை நடத்தும் துரைமாரின் கிளப் ஒரு போட்டி வைக்கிறது. நீர்த்தேக்கத்தில் அரை மைல் நீச்சல், கரையேறியதும் பன்னிரண்டு மைல் சைக்கிள், இறங்கியதும் மூன்று மைல் ஓட்டம். இடையில் ஓய்வு கிடையாது. பெண்களும் சேரலாம் என்று கடைசி வரியில் இருந்தது.

இரண்டாம் தடவை வாசித்துக்கொண்டிருந்த என்னைக் கிளாக்கர் பார்த்துவிட்டார்.

"அது ஒங்களுக்கில்லம்மா. அன்னைக்கு ஓடுறவங்களுக்குத் தண்ணி குடுக்க நாலு பொம்பளைங்க வேணுமாம். வேணும்னா அதுக்கு ஒன் பேரக் குடுக்கிறேன்."

அவர் கெட்ட மனதோடு சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக எரிந்தது. அந்த நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடப்பது எங்கள் பழைய லயம், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள். அணை கட்டி எங்களை மேட்டுக்கு ஏற்றியபோது நான் நடை பழகும் பிள்ளையாம். அந்தக் கரையில்தான் குளித்தோம், துணி துவைத்தோம், முங்கிப்போகாமல் கையைக் காலை அடிக்கக் கற்றோம். இப்போது அந்தத் தண்ணீரில் நீந்தப்போகிறவர்களுக்கு நான் தம்ளரில் தண்ணீர் நீட்ட வேண்டுமாம்.

சனிக்கிழமை கிளப்புக்குப் போனேன். வராந்தாவில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த இளைஞர் அடையாள அட்டை இலக்கம் கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் அட்டை இல்லை. அப்பா பிறந்ததும் இங்கேதான், நான் பிறந்ததும் இங்கேதான். ஆனால் காகிதத்தில் இலங்கைக்கும் சொந்தமில்லை, இந்தியாவுக்கும் சொந்தமில்லை.

"அட்டை இல்லாட்டி பேர் எழுத ஏலாது."

"தண்ணிக்குள்ள எறங்கவா அட்டை கேக்குறீங்க?"

நான் பகிடி விட்டதாக நினைத்து அவர் சிரித்தார். எனக்குப் பின்னால் ஒரு சிங்கள டீச்சர் நின்றிருந்தார். அவரும் பெயர் கொடுக்க வந்தவர். இந்தப் பிள்ளையைச் சேர்க்காவிட்டால் எனக்கும் வேண்டாம் என்று சிங்களத்தில் வெட்டென்று சொன்னார். இளைஞர் உள்ளே போய் யாரிடமோ கேட்டு வந்தார். நான் கலந்துகொள்ளலாம். ஆனால் சட்டையில் குத்த எண் தரமாட்டார்கள், பட்டியலிலும் சேர்க்கமாட்டார்கள்.

"நன்றிங்க சார்" என்றேன். அந்த நன்றியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே கோபம் வருகிறது.

ஐந்து வாரம் பழகினேன். நீச்சல் மட்டும்தான் முன்பே தெரியும். தபால் கொண்டுவருகிறவர் தன்னுடைய பழைய சைக்கிளைத் தந்தார். பந்து விளையாடும் மைதானத்தில் விழுந்து விழுந்து அதை ஓட்டக் கற்றேன். விடிந்ததும் தேயிலைக்கு நடுவே ஓடினேன். லயத்தில் எனக்குப் பேய் பிடித்துவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள்.

போட்டி நாளில் அண்ணனுடைய காற்சட்டையையும் முழுக்கைச் சட்டையையும் கொடியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன். அவரிடம் கேட்கவில்லை.

நீர்த்தேக்கத்தின் மேல் பனிமூட்டம் இருந்தது. முப்பது பேர் ஒன்றாகக் குதித்தோம். குளிரில் நெஞ்சு அடைத்தது. யாருடைய காலோ என் வாயில் உதைத்தது. தண்ணீரைக் குடித்துவிட்டேன். கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. உண்மையில் பயந்துபோனேன். காவலுக்கு நின்ற தோணிக்காரர் துடுப்பை நீட்டி, "அல்லன்ன நங்கி" என்றார். பிடித்துக்கொள் தங்கச்சி என்று அர்த்தம். பிடித்தால் போட்டி முடிந்துவிடும். மல்லாந்து படுத்து, மூச்சு வரும்வரை வானத்தைப் பார்த்து வைதேன். பிறகு திரும்பி நீந்தினேன். கரையேறியபோது எல்லா சைக்கிளும் போய்விட்டிருந்தன, என்னுடையதைத் தவிர.

நாலாவது மைலில் பெரிய ஏற்றம். மிதிக்க முடியாமல் இறங்கித் தள்ளினேன். ஏற்றத்து வளைவொன்றில் அண்ணன் காத்திருந்தார், என்னை இழுத்துக்கொண்டு போக.

"என் காச்சட்டைய மாட்டிக்கிட்டு ரோட்டுல நிக்கிறியே, வெக்கமா இல்ல? மரியாதையா வீட்டுக்கு வா."

"வரமாட்டேன். வழிய விடுங்க."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும். நீங்க குடிச்சிட்டு இதே ரோட்டுல விழுந்து கெடந்தப்ப எவன் சிரிச்சான்?"

அவர் ஹாண்டிலைப் பிடித்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டுத் தள்ளினேன். அவர் கூடவே நடந்து வைதார், நானும் விடவில்லை. அம்மா செத்ததிலிருந்து யார் சோறாக்கியது, யார் துணி துவைத்தது எல்லாம் வெளியே வந்தது. அப்படியே ஏற்றம் முடிந்துவிட்டது. அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. முழங்காலில் கை ஊன்றி நின்றவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏறி மிதி. எறக்கத்துல பிரேக்க ஒரேயடியாப் பிடிக்காத" என்றார்.

பிரேக்கை ஒரேயடியாகத்தான் பிடித்தேன். விழுந்து முழங்கால் கிழிந்தது.

சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கியதும் கால் என் சொல்லைக் கேட்கவில்லை. இரண்டு மரக்கட்டைகளைத் தூக்கித் தூக்கி வைப்பது போல இருந்தது. அரை மைல் போன பிறகுதான் ஓட்டம் மாதிரி வந்தது. வழியில் தண்ணீர் தர நின்ற பெண்கள் ஏற்கனவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

கிளப் வாசலுக்கு வந்தபோது முடிவுக்கோட்டுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சாப்பாடு நடந்தது. அதே இளைஞர் பெயர் எழுதும் கொப்பியை மூடியிருந்தார்.

"நேரம் எடுக்கிறத நிப்பாட்டியாச்சு. எல்லாரும் வந்துட்டாங்க."

"நான் இப்பத்தான் வர்றேன்."

"ஒங்க பேர் லிஸ்டுல இல்லையே."

"அப்ப எழுதுங்க."

அவர் எழுந்துபோகப் பார்த்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முழங்கால் ரத்தம் அவர்களுடைய பளபளப்பான தரையில் சொட்டியது. உள்ளேயிருந்து சில துரைமார் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், ஏதாவது எழுதி அனுப்பிவிடு என்று இங்கிலீஷில் சொன்னார். இளைஞர் கொப்பியைத் திறந்து கடைசியில் எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் என்னால் வாசிக்க முடிந்தது. 'தோட்டப் பெண் ஒருத்தி.'

பேனாவைப் பிடுங்கினேன். அந்த வரியை அடித்துவிட்டு, அப்பாவின் பெயரையும் சேர்த்து என் பெயரை முழுசாக எழுதினேன். எப்போதோ ஓடி முடித்திருந்த டீச்சர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைச் சொன்னார். அதையும் எழுதினேன். யாரும் கை தட்டவில்லை. எனக்குச் சந்தோஷமாகவும் இல்லை.

அடுத்த வருஷ அறிவித்தலில், போட்டி கிளப் அங்கத்தவர்களுக்கு மட்டும் என்று போட்டார்கள். அண்ணனோ, தான் கூட வந்திராவிட்டால் நான் அந்த ஏற்றத்தை ஏறியிருக்கவே மாட்டேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அதிலும் எனக்குக் கோபம்தான். அதில் பாதி உண்மை இருந்தது.

போட்டிக்கு மறுநாள் நொண்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். பிள்ளையைத் தந்துவிட்டுப் பேசாமல் போகிற ஒரு தாய் அன்றைக்கு வாசலிலேயே நின்றாள்.

"மெய்யா முழுசும் நீந்துனியா?"

"முழுசும்."

"நடுவுல கால் தரையில பட்டுச்சா?"

"எங்க படும்? அம்புட்டு ஆழம்."

கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டியபடி அவள் இன்னும் கேட்டுக்கொண்டே நின்றாள். மலையிலிருந்து கங்காணி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினார். "வர்றேன், இருங்க" என்று அவளும் திருப்பிக் கத்தினாள்.