ராஜப்பாவின் புது ஸ்ட்ராப்

தசரதனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை மைசூர் மைன்ஸ் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. பல்லி கத்தினால் பயம், மேஸ்திரி இருமினால் பயம். ‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்று அவன் காதுபடவே சொல்வேன், சிரித்துக்கொள்வான். தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டின் வாசலில் அவனுடைய வாட்ச் கடையை ஒட்டித்தான் என் டீக்கடை. பக்கத்துக் கடைக்காரியாக எனக்கு அந்த உரிமை இருந்தது.

ஒரு காலத்தில் அவனும் கீழே இறங்கியவன்தான். பூமிக்குள் பாறை தானாக வெடித்துச் சிதறுவதை நாங்கள் பர்ஸ்ட் என்போம். அப்படி ஒரு பர்ஸ்ட்டில் மார்பு வரை புதைந்து கிடந்தவனைத் தோண்டி எடுத்தார்கள். அதன்பிறகு, ஆட்களை இறக்கும் கேஜைப் பார்த்தாலே திரும்பி நடந்துவிடுவான். வேலூரில் ஒரு கடையில் இருந்து வாட்ச் வேலை கற்றுக்கொண்டு, மரப்பெட்டியோடு வந்து உட்கார்ந்தான். ஷாஃப்ட் கேட்டுக்குள் மட்டும் தப்பித்தவறியும் கால் வைக்கமாட்டான்.

அவனிடம் வந்ததெல்லாம் விலை குறைந்த வாட்சுகள். கீழே கட்டிக்கொண்டு போனால் அந்தச் சூட்டில் கண்ணாடிக்குள் ஆவி படியும், வியர்வையில் ஸ்ட்ராப் ஊறி நாறும். அதனால் ஆட்கள் இறங்கும் முன் கழற்றி, தசரதனுடைய பலகையில் ஆளுக்கொரு ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஸ்ட்ராப் கிழிந்திருந்தால் அவர்கள் ஏறி வருவதற்குள் வேறு போட்டு வைப்பான். ஷிஃப்ட் முடிந்து கடைசி வாட்ச் ஆணியை விட்டுப் போகும்வரை அவன் டீயைத் தொடமாட்டான். “இன்னும் ஒண்ணு பாக்கி கீதுக்கா” என்பான்.

அறுபத்து நாலாம் வருஷத்து மழைக்காலம். காலை ஷிஃப்டுக்கு வந்த ராஜப்பா என்னிடம் டீ குடித்துவிட்டு வாட்சைக் கழற்றினான். நல்லவன்தான், ஆனால் சீட்டுப் பைத்தியம். வேலைக்கென்று கிளம்பிப் பாதி வழியில் சீட்டாட உட்கார்ந்துவிடுவான். கிழிந்துபோன அவன் ஸ்ட்ராப்பை அவன் பெண்சாதி ரத்தினம்மா தன் பச்சை ரவிக்கைத் துணியை வைத்துத் தைத்திருந்தாள்.

“கேஜ்ல எல்லாரும் சிரிக்கிறானுங்கண்ணா. இத்த எடுத்துட்டு ஒரு கருப்பு ஸ்ட்ராப்பு போட்டு வை. ரத்தினம் கேட்டா நான் சொல்லிக்கிறேன்” என்று தசரதனிடம் சொல்லிவிட்டுப் போனான்.

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால் தரை குலுங்கியது. என் கிளாஸ்கள் உருண்டு உடைந்தன. தசரதன் மேஜைக்கடியில் போய் முழங்காலைக் கட்டிக்கொண்டான். சங்கு ஊதியது. விட்டு விட்டு ஊதுகிற அந்தச் சங்கைக் கேட்டால் எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஓடி வந்தார்கள். கேட்டைச் சாத்திவிட்டிருந்தார்கள். கீழே மாட்டிக்கொண்டது யார் யார் என்று உள்ளேயிருந்து யாரும் சொல்லவில்லை. ஒருத்திக்குத் தசரதனுடைய பலகை ஞாபகம் வந்தது. யாருடைய வாட்ச் ஆணியில் இருக்கிறதோ அவன் கீழே இருக்கிறான்.

எல்லா வாட்சுக்கும் அதே வட்டம், அதே வெள்ளை முகம். புருஷனுடையதை ஸ்ட்ராப்பை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். ஒருத்தி மார்பில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி வாட்சை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது ரத்தினம்மா வந்தாள். மேலிருந்து கீழே பார்த்தாள், மறுபடி கீழிருந்து மேலே பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

“பச்சை இல்லக்கா! சீட்டாடப் போயிட்டான் பாவி! அந்தச் சீட்டுக்கட்ட அடுப்புல போடணும்னு எத்தினி நாளு நெனச்சேன். ஆடட்டும்க்கா, நல்லா ஆடட்டும்!”

என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். நான் தசரதனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. எதிரே ஆணியில் கருப்பு ஸ்ட்ராப் புத்தம் புதிதாகப் பளபளத்தது. ஊரையே வாயால் அளக்கிறவள் நான், எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பயம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

தசரதன் அந்த வாட்சை எடுத்துக்கொண்டு ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்தான்.

“யம்மா, நில்லும்மா. இது ராஜப்பாவோடது.”

“அவுருது பச்சைண்ணா.”

“பச்சைய நாந்தாம்மா கழட்டினேன். காலைல. அவருதான் மாத்தச் சொன்னாரு.”

அவள் வாட்சைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பளாரென்று அவன் கன்னத்தில் அறைந்தாள். அறைந்த கையாலேயே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தாள். அவன் கன்னத்தைத் தடவக்கூட இல்லை. “வாம்மா, கேட்டுக்குப் போலாம். வாம்மா” என்று தூக்கி நிறுத்தினான். நடந்தார்கள். யாரை யார் பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. பெண்களை உள்ளே விட்டபோது அவனும் கூடவே போய் ஷாஃப்டுக்கு முன்னால் நின்றான்.

பொழுது சாயும் நேரத்தில் ராஜப்பாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டு வந்தார்கள். உயிர் இருந்தது. “ரத்தினம்” என்றான். அவள் கையைக் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் விடியும்வரை அந்தக் கையை விடாமல் பிடித்திருந்தான். பிறகு விட்டுவிட்டான்.

ராஜப்பாவை அடக்கம் செய்த பிறகு எங்கள் பக்கத்தில் எந்த ஆம்பிளையும் தனியாக வந்து ஸ்ட்ராப் மாற்றியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெண்சாதியும் கூட வருவாள். கருப்பு வேண்டாம், பழுப்பு வேண்டாம், யாரும் போடாத நிறமாக இருக்கவேண்டும். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று தசரதன் நைலான் ஸ்ட்ராப்பாக வாங்கி வைத்தான். மாட்டி முடித்ததும் அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் தசரதன் தலையைத் தூக்கமாட்டான்.

“இன்னாடி இது, கல்யாண வூட்டு ரிப்பன் மாரி?” என்று புருஷன் சலித்துக்கொள்வான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்து, அதைத் தானே கட்டிவிடுவாள்.