தடுத்து வைத்த அட்ரஸ்

நாகலெட்சுமி என்ற பெயரை மீனம்மா முதலில் கேட்டது தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், தராசுக்குப் பக்கத்தில் நிற்கும்போது. "ஒந் தம்பி பழனியாண்டிக்குப் பொட்டப்புள்ளயாம், நாகலெட்சுமின்னு வச்சுட்டாங்களாம்" என்று யாரோ சொன்னார்கள். செத்துப்போன மூத்த அக்காவின் பெயர் அது. மீனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் மறுபடி மலை ஏறினாள்.

அந்தப் பிள்ளை உயர்தரம் வரை படித்து, நோர்வூட் டவுனில் போன், போட்டோ கொப்பி, இன்டர்நெட் வைத்திருந்த ரிஸ்வியின் கொமினிகேசன் கடையில் கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தது. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் இங்கிலீசு காகிதம் எது வந்தாலும் "நாகுகிட்ட காட்டு" என்பார்கள். தெரியாது என்று அவள் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

2008ஆம் வருசம் மீனம்மாவின் சின்ன மகளுக்குத் தாதிப் பயிற்சிக்குப் போக ஆசை. கொழும்பில் ஒரு தரும நிதியம் செலவை ஏற்கும், விண்ணப்பம் இன்டர்நெட்டில்தான். ரிஸ்வி கலியாண வீட்டுக்கு அக்குறணை போயிருந்த நேரம் அது. நாகலெட்சுமி பெயரைப் போட்டாள், தோட்டத்து அட்ரஸைப் போட்டாள், அனுப்பினாள். போகவில்லை. திரும்ப அமத்தினாள், திரும்பத் திரும்ப அமத்தினாள். திடீரென்று சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் வந்து நின்றது.

"என்னாடி போட்டிருக்கு?"

பின்னால் போட்டோ கொப்பி எடுக்க ஆட்கள் காத்திருந்தார்கள். நாகலெட்சுமி உதட்டை அசைத்து வாசித்தாள். "அட்ரஸ் சந்தேகமா இருக்காம் அத்தை. புளொக் பண்ணிட்டாங்க."

"எந்த அட்ரஸு?"

"நம்ம அட்ரஸுதான். வேற எது?"

வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பரா வீடுகளுக்குத் தனித்தனி அட்ரஸ் ஏது? தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வந்துதான் ஆளுக்காள் பிரியும். அட்ரஸ் கெட்டால் அத்தனை குடும்பத்துக்கும் கெட்டது. யுத்தம் ஓயாத வருசம் வேறு. மீனம்மாவின் நெஞ்சில் உடனே வந்து நின்றவன் பக்கத்துக் காம்பரா கணேசமூர்த்தி. செத்துப்போன புருசனுக்கு அக்கா மகன். கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் நின்றவனை செக்கிங்கில் பிடித்துக்கொண்டு போய், குற்றமில்லை என்று விட்டிருந்தார்கள்.

மறுநாள் பீலியில் தண்ணீர் பிடிக்க நின்ற எல்லார் முன்னாலும் மீனம்மா வாயை விட்டாள்.

"நீ உள்ளுக்குப் போயிட்டு வந்த. இப்ப லயத்து அட்ரஸே சந்தேகத்துல போயிருச்சு. எம் மவ நர்சாக வேணாமா?"

"எவன் சொன்னான் அத்தை?"

"எவனும் சொல்லல. கம்பியூட்டர்ல செகப்பா போட்டிருக்கு. நாகு படிச்சா!"

"பொலிஸு வந்தா எங்க புள்ளைங்களையும்ல அள்ளிக்கிட்டுப் போவான்" என்று இன்னொருத்தி சேர்ந்துகொண்டாள். கணேசமூர்த்தி பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போனான். அந்த வாரமே பையைக் கட்டிக்கொண்டு றொசல்லைப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான்.

ரிஸ்வி திரும்பி வந்ததும் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தான். மேலிருந்து கீழ்வரை விரல் வைத்து வாசித்தான்.

"எத்தின தரம் அமத்தின புள்ள?"

"பத்துப் பதினஞ்சு இருக்கும் ரிஸ்வி நானா. போகல்லன்னு…"

"அதுதான். அந்தப் பக்கத்துக்குக் காவல் நிக்கிற சொப்ட்வெயார், கள்ளன் கதவ ஒடைக்கிறான்டு நெனச்சி மூடிட்டிது. இது ஆள்ட அட்ரஸ் இல்ல. நம்மட கடை இன்டர்நெட்டுக்கு ஒரு நம்பர் ஈக்கி, அதத்தான் அட்ரஸ்ன்டு சொல்ற. இந்தா, அடியில போட்டீக்கி."

சுவரோரம் இருந்த இன்டர்நெட் பெட்டியின் வயரைக் கழற்றினான். பிளேன்டி குடித்து முடித்து மறுபடி குத்தினான். கடைக்குப் புது நம்பர் வந்துவிட்டதாம். நாகலெட்சுமி ஒரு தரம்தான் அமத்தினாள். விண்ணப்பம் போய்விட்டது.

சந்தோசப்பட வேண்டிய இடத்தில் அவள் முகம் கறுத்துப்போயிருந்தது. "மூணு சொல்லுதான் அத்தை புரிஞ்சிச்சு. மத்தத நானாத்தான் சேத்துக்கிட்டேன். ஆளுங்க நின்னாங்க, தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

மீனம்மாவுக்குத் திட்ட வாய் வரவில்லை. "நீ கடையிலதான் சொன்ன. நான்ல பீலியில சொன்னேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் றொசல்லைக்குப் போனார்கள். கணேசமூர்த்தி விறகு பிளந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"ஏன் அத்தை, கம்பியூட்டரு மன்னிப்புக் கேக்க வரலியா?"

அவன் கோடாரியைக் கீழே வைத்தான். "இங்க வந்து காதுக்குள்ள சொன்னா? பீலியில போன பேரு எனக்கு பீலியிலதான் வேணும்."

மறுநாள், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு முன்னால் நாகலெட்சுமி பீலியடியில் நின்றாள். சின்னக் குரலில்தான் சொன்னாள். "நான்தான் தப்பாப் படிச்சேன். அது கடையோட அட்ரஸ். கணேசமூர்த்தி அண்ணன் மேல ஒண்ணுமில்ல."

"அப்ப இத்தன வருசமா இங்கிலீசு தெரியாமத்தான் எங்களுக்குப் படிச்சுக் காட்டுனியா?" என்றாள் ஒருத்தி.

"அரையுங் கொறையுமாத்தான் தெரியும்."

"நானுந்தான் வாய விட்டேன்" என்று மீனம்மா தொடங்குவதற்குள் பெரட்டுக்குக் கொம்பு ஊதிவிட்டது. கேட்டவர்கள் பாதி, கேட்காதவர்கள் பாதி. கேட்காதவர்கள் இன்றைக்கும் பழைய கதையைத்தான் சொல்கிறார்கள். கணேசமூர்த்தி திரும்பி வரவில்லை. அடைத்துக் கிடந்த அந்தக் காம்பராவைத் தாண்டும்போதெல்லாம் மீனம்மா நிலத்தைப் பார்த்தே நடந்தாள்.

நாகலெட்சுமி கல்யாணமாகி இப்போது நானுஓயாவில் இருக்கிறாள். நுவரெலியாவில் ஒரு பாமசியில் வேலை செய்கிறாள். புரியாத மருந்துச் சீட்டு வந்தால், ஆட்கள் எத்தனை பேர் நின்றாலும், "எனக்குத் தெரியல, கேட்டுச் சொல்றேன்" என்கிறாள்.