சுண்ணாம்பில் போட்ட வீடுகள்

பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேனைத் திருப்பும்போதுதான் அந்தச் சிவப்புக் குறிகளைப் பார்த்தேன். எங்கள் தாமான் குடியிருப்பின் பூங்கா மூலையில் ஒரு பழைய சிமெண்டுத் தரை கிடக்கிறது. ஓரம் உடைந்து, நடுவில் விரிசல் விட்டு, புல் முளைத்த தரை. அதன் நான்கு மூலையிலும் யாரோ பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். உடைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

இந்தத் தாமானை ஒரு ரப்பர்த் தோட்டத்தின் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். பூங்கா இருக்கும் இடத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகள் இருந்தன. அந்தத் தரை, ஆயாக் கொட்டகையின் தரை. விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போக வேண்டிய பெண்கள், கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். என் அம்மாவும் முதலில் மரம் வெட்டியவர்தான். இடுப்பு அடிபட்ட பிறகு அந்தக் கொட்டகைக்கு ஆயாவானார். பத்துப் பதினைந்து ஏணைகள் தொங்கும். கடைசி ஏணையை ஆட்டி முடிப்பதற்குள் முதல் ஏணையில் அழுகை தொடங்கிவிடும்.

நான் ஆறாம் வகுப்பு முடித்த வருஷம் தோட்டம் கைமாறியது. வீடுகளைக் காலி செய்யச் சொன்னார்கள். சில குடும்பங்கள் சித்தியவானுக்கும் ஆயர் தாவாருக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தேடிப் போயின. நாங்கள் ஈப்போ டவுன் பக்கம் ஒரு பலகை வீட்டுக்குப் போனோம். கல்யாணமான பிறகு என் கணவர் வீடு வாங்க எத்தனையோ இடங்களைக் காட்டினார். எனக்கு இந்தத் தாமான்தான் வேண்டும் என்றேன். விட்டுப் போகச் சொன்ன இடத்துக்கே சாவியோடு திரும்பி வர வேண்டும் என்ற பிடிவாதம். வந்தேன். முப்பது வருஷமாக இங்கேதான் இருக்கிறேன்.

குறிகளைப் பார்த்த அன்றே குடியிருப்பாளர் சங்கத் தலைவர் வீட்டுக்குப் போனேன். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என் வயதுதான், நம் ஆள். பூங்காவைப் புதுப்பிக்க அவர் அலையாத அலைச்சல் இல்லை. அதை நான் மறுக்க மாட்டேன். நடைபாதை, உடற்பயிற்சிச் சாதனங்கள், புது ஊஞ்சல் எல்லாம் அவர் முயற்சியில்தான் வந்தன. அந்தத் தரையை உடைத்துவிட்டு, காலுக்கு நல்லது என்று கூழாங்கல் பதித்த பாதை போடப் போவதாகச் சொன்னார். பூங்கா வாசலில் வைக்கப் போகும் வரலாற்றுப் பலகையின் வாசகத்தையும் பெருமையாக எடுத்துக் காட்டினார். ஒரு காலத்தில் புதர் மண்டிய காடாக இருந்த இடம், இன்று அழகிய தாமான் என்று மலாயில் இருந்தது.

"காட்டுக்குள்ளயா அண்ணே எங்கம்மா பெரட்டுக்குப் போனாங்க?" என்று கேட்டேன்.

அவர் காகிதத்தை மடித்தார். "அக்கா, நானும் பாகான் டத்தோவுல தென்னந்தோட்டத்துல பொறந்தவன்தான். எம் பிள்ளைங்ககிட்டகூட அத நான் சொன்னதில்ல. எதுக்கு? லயம், கூலின்னு எழுதி வச்சா இங்க இருக்கிறவங்க நம்மள என்னா நெனைப்பாங்க? பார்க்கு பார்க்க அழகா இருந்தா போதும் லா."

"உங்க பிள்ளைங்களுக்குச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். எங்க எடத்தக் காடுன்னு எழுதாதீங்க."

"கமிட்டில முடிவாயிடுச்சுக்கா."

"அப்ப கமிட்டிய நான் பாத்துக்கிறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. முனையில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம். அவருடைய அத்தா எங்கள் தோட்டத்துக்குச் சைக்கிளில் துணி கொண்டு வந்து விற்றவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "வாயால சொன்னா யாருக்குக்கா புரியும்? வீடு எங்க இருந்துச்சுன்னு கோடு போட்டுக் காட்டுங்க. அடுத்த மாசம் சங்கத்துல குடும்ப தினம் வச்சிருக்காங்க. எல்லாரும் பூங்காத் திடலுக்கு வருவாங்க. அன்னைக்கே போடுங்க."

பந்தயத் திடலில் கோடு போடும் சுண்ணாம்புத் தூள் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பழைய தோட்டத்து ஆட்களுக்கு வாட்சாப்பில் செய்தி அனுப்பினேன். வருவார்கள் என்று அவ்வளவாக நம்பவில்லை. ஆனால் குடும்ப தினம் வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, சித்தியவானிலிருந்து ஒரு வேன், ஆயர் தாவாரிலிருந்து இரண்டு கார், டவுனிலிருந்து மோட்டார்சைக்கிள்கள் என்று இருபது பேருக்கு மேல் வந்து இறங்கிவிட்டார்கள்.

திடலின் ஒரு பக்கம் சங்கத்தார் ஒலிபெருக்கி வைத்து உடற்பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் நாங்கள் அளக்கத் தொடங்கினோம். மரமோ பாதையோ எதுவும் மிஞ்சவில்லை. ஆயாக் கொட்டகைத் தரை ஒன்றுதான் அசையாமல் இருந்தது. அதிலிருந்து அடி வைத்து எண்ணினோம். கொட்டகைக்கு அடுத்துத் தண்ணீர்க் குழாய், குழாய்க்கு எதிரே முதல் லயம். ஆயர் தாவாரிலிருந்து வந்த அக்கா ஒருத்தி நான் போட்ட கோட்டைக் காலால் அழித்தார்.

"எங்க வீடு இங்க இல்ல. இன்னும் ரெண்டடி தள்ளி."

"எப்படிக்கா சொல்றீங்க?"

"குழாயில சண்டை போட்டா எங்க வாசல்ல தண்ணி தெறிக்கும். எனக்குத் தெரியாதா?"

அவர் சொன்னபடியே தள்ளிப் போட்டோம்.

பத்து மணிக்குள் பத்து வீடுகள் புல்லின் மேல் வெள்ளையாக எழுந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் ஒரு நடை. அவரவர் தங்கள் வீட்டுக்குள் போய் நின்றோம். யாரும் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. சித்தியவான்காரர் ஒருவர் மட்டும் அடுப்படி இருந்த இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் எழவே இல்லை.

உடற்பயிற்சியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் வந்தார்கள். என் பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் கோட்டுக்கு வெளியே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டாள். வரச் சொன்னேன். இதற்குள் எத்தனை பேர் இருந்தீர்கள் என்றாள். ஏழு என்றேன். அவள் தன் கணவரையும் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு உள்ளே நிறுத்தினாள். "அஞ்சு பேருக்கே இடமில்லையே" என்று மலாயில் சொன்னாள்.

தலைவர் வந்தார். முகம் சிவந்திருந்தது.

"சங்கத்து நிகழ்ச்சி நடக்குதுக்கா. பெர்மிட் வாங்கினீங்களா?"

"கோடு போடப் பெர்மிட் வேணுமா அண்ணே?"

"வேணும்."

"எங்கள இங்கேருந்து போகச் சொன்னப்ப யாரு எங்ககிட்ட பெர்மிட் வாங்கினா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். நூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தி, "முடிஞ்சதும் கழுவி விட்டுடுங்க" என்றார்.

"மழை வந்து கழுவும். நான் கழுவ மாட்டேன்."

அந்த வாரம் நடந்த சங்கக் கூட்டத்துக்கு என்றும் இல்லாத அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். நான் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னேன். அந்தத் தரை இல்லாவிட்டால் எங்கள் வீடுகள் எங்கே இருந்தன என்பது எங்களுக்கே தெரிந்திருக்காது, அதை உடைத்தால் நாளைக்கு யாரும் கண்டுபிடிக்க முடியாது. கை தூக்கச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பெண் தூக்கினாள், சீன வீட்டு ஆன்ட்டி தூக்கினார், கடைக்காரர் இரண்டு கையையும் தூக்க, ஒன்றை இறக்கச் சொன்னார்கள். தரை தப்பியது. கூழாங்கல் பாதை சாக்கடை ஓரமாகப் போயிற்று.

பலகை விஷயத்தில் மட்டும் தலைவர் பாதிதான் இறங்கி வந்தார். காடு என்ற சொல் போய், முன்னாள் ரப்பர்த் தோட்டம் என்று மலாயில் ஒரு வரி. தமிழில் எழுதக் கேட்டேன். இடமில்லை என்றார். சரி, என்னிடம் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பெயிண்ட் வாங்கி வந்து அந்தத் தரையின் பக்கவாட்டில் நானே எழுதினேன். ஆயாக் கொட்டகை, எங்கள் அம்மாக்கள் மரம் வெட்டப் போனபோது நாங்கள் இங்கே இருந்தோம் என்று. பூங்காவைப் பராமரிக்க வந்தவர்கள் அதன் மேல் சாம்பல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். திரும்ப எழுதினேன். திரும்ப அடித்தார்கள்.

மூன்றாவது முறை எழுதிக்கொண்டிருந்தபோது தலைவர் நடைப்பயிற்சியில் அந்தப் பக்கம் வந்தார். மாதக்கணக்கில் என்னோடு பேசாதவர்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான்."

போய்விடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"கொட்டகைக்கு ஒரு ட் விட்டுட்டீங்க" என்றார்.

பார்த்தேன். விட்டுத்தான் இருந்தேன். ஈரம் காய்வதற்குள் துடைத்துத் திருத்தினேன். நன்றி சொல்லவில்லை.