தயவுசெய்து புகழ வேண்டாம்

ஜெர்மனியில் எங்கள் நகரசபைக் கட்டடத்தின் கீழ்மாடியில் அவருடைய படம் ஒட்டியிருந்தது. ஆளுயர வண்ணப் படம். அவரைச் சுற்றித் தமிழ், துருக்கி, ஜெர்மன் பிள்ளைகளாக நாங்கள் ஏழெட்டுப் பேர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்போம். 'நம் நகரம், நம் இளைஞர்' என்று மேலே எழுதியிருக்கும். அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் வெளிநாட்டவர் அலுவலகம் இருந்தது. அங்கே அவரை எப்போது திருப்பி அனுப்பலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாடிகளுக்கும் இடையில் லிஃப்ட் நன்றாகத்தான் வேலை செய்தது.

நாங்கள் அவரை ஆப்கான் அண்ணை என்று கூப்பிட்டோம். தன் நாட்டில் கிணறு வெட்டுவது, தடுப்பூசி போடுவது, பெண்பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்து எழுத்துப் பழக்குவது என்று இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு திரிந்தவர். தலிபான் காலத்தில் அதற்காகவே தேடப்பட்டு ஓடி வந்தவர். இங்கே கிழமை நாட்களில் ஒரு சலவை நிலையத்தில் ஆஸ்பத்திரி விரிப்புகளை மடித்தார். சனிக்கிழமைகளில் தேவாலயத்தின் அடித்தள அறையில் எங்களைக் கூட்டிவைத்து, ஒரு கூட்டத்தை எப்படி நடத்துவது, ஓர் அதிகாரியின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேள்வி கேட்பது என்று பழக்கினார். பிந்தி வந்தால் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகள் முதல் இரண்டு மாதமும் வெளியே நின்றுதான் ஜனநாயகம் படித்தோம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைக் கடைசிவரை பார்த்த முதல் ஆள் நான். அப்பா ஒரு இத்தாலியன் உணவகத்தில் கோப்பை கழுவினார். எனக்குத் தெரிந்த ஜெர்மன், எங்கள் ஆட்களின் வாயில் டொச், வீட்டுக்கும் உறவுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சொத்து. யாருக்கு எந்த அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், இருந்தாலும் நான் கூடப் போக வேண்டும். 'பொறுப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே எழுந்து நிற்கிற வயது எனக்கு. ஆகவே ஆப்கான் அண்ணையின் விசயத்தையும் நானே தலையில் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அவரிடம் விசா கிடையாது, இருந்தது டுல்டுங். 'உன்னை அனுப்பத்தான் போகிறோம், ஆனால் இன்றைக்கு இல்லை' என்று அரசாங்கம் மரியாதையாக எழுதிக் கொடுக்கும் தாள் அது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் மாநிலத்தின் எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த ஆண்டுகளில் தலிபான் ஆட்சி விழுந்துவிட்டது, நாட்டைக் கட்டியெழுப்புகிறார்கள், உங்களைப் போன்ற தலைவர்கள் அங்கே தேவை என்று மூன்றாம் மாடியில் சொல்லத் தொடங்கினார்கள். அவர் இங்கே சும்மா படுத்திருந்தால் 'இவர் நம்மோடு ஒருங்கிணையவில்லை, போகட்டும்' என்றிருப்பார்கள். இவ்வளவு வேலை செய்ததால் 'இவ்வளவு திறமையா, போகட்டும்' என்றார்கள்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. இப்படிப்பட்டவர்களின் நிலைமையைப் பார்க்க மாநிலத் தலைநகரில் ஒரு குழு இருந்தது. நகரசபையிலிருந்து ஒரு பெரிய மனிதர் நல்ல வார்த்தை சொன்னால் அந்தக் குழு மனம் இரங்கக்கூடும். கீழ்மாடியில் ஒருங்கிணைப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரியைக் கேட்டோம். படத்தை ஒட்டுவித்தவரே அவர்தான். "யோசிக்கிறேன்" என்றார்.

அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எங்கள் தமிழ்ச் சங்கம் உள்ளே இறங்கியது. ஆண்டு விழாவில் ஆப்கான் அண்ணைக்குக் கௌரவிப்பு, அந்த அதிகாரியே பிரதம விருந்தினர். திட்டம் எங்கள் சங்கத் தலைவருடையது. அவர் மளிகைக் கடை வைத்திருந்தவர்.

"தம்பி, ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு பொன்னாடையைப் போத்திவிட்டால் அலுவல் முடிஞ்சுது. பேந்து அந்த மனிசன் ஏலாது எண்டு சொல்லுவாரே?"

"ஓம் அண்ணை. ஆனா இவர் ஆப்கானிஸ்தானுக்குத் தேவையான ஆள் எண்டு மட்டும் மேடையிலை சொல்லிப்போடாதேங்கோ."

"எனக்கென்ன விசரே?"

விழாவுக்கு முந்தின சனிக்கிழமை ஆப்கான் அண்ணை என்னைத் தனியே கூப்பிட்டார். நாங்கள் இருவரும் ஜெர்மன் மொழியில்தான் பேசிக்கொள்வோம். "ஓர் உதவி செய். என்னை யாரும் அதிகமாகப் புகழாமல் பார்த்துக்கொள்" என்றார். நானும் தலையாட்டினேன். எங்கள் சங்கத்துக்குப் புகழ்வதைத் தவிர வேறு தொழில் இல்லை என்பது எனக்கு அப்போது ஏனோ நினைவுக்கு வரவில்லை.

விழா ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. விளக்கேற்றினார்கள். வரவேற்பு நடனம், வரவேற்புரை, அந்த வரவேற்புரையில் விடுபட்டவர்களுக்காக இன்னொரு வரவேற்புரை. அதிகாரியின் கையில் வடையைக் கொடுத்து உட்கார வைத்திருந்தோம். அவர் எண்ணெயைத் துடைக்க இடமில்லாமல் நிகழ்ச்சி நிரலில் துடைத்தார். ஒரு வழியாக அதிகாரியையும் ஆப்கான் அண்ணையையும் மேடைக்கு அழைத்து நாற்காலியில் இருத்தினார்கள். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க நான்.

"இந்த மனிசன் நித்திரை கொள்ளுறதில்லை! எங்கடை பிள்ளையளுக்குக் கடவுளுக்கு அடுத்தது இவர்தான்!"

"இவர் கடினமாக உழைப்பவர்" என்று நான் ஜெர்மனில் சொன்னேன்.

"இவரை இழந்துபோட்டு ஆப்கானிஸ்தான் அழுதுகொண்டிருக்குது! நாளைக்கே இவர் அங்கை போய் இறங்கினால் அந்த நாடு எழும்பி நிக்கும்!"

மண்டபம் அதிரக் கைதட்டல்.

"இவர் நம் நகரத்தை மிகவும் நேசிக்கிறார்."

இரண்டு மொழியும் தெரிந்த முன்வரிசைப் பெடியள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி நிமிர்ந்தார். "ஆப்கானிஸ்தான் என்று ஏதோ சொன்னாரே?"

"இவர் அங்கே பிறந்தவர் என்று சொன்னார்."

"அதற்கா இவ்வளவு கைதட்டல்?"

"எங்கள் ஆட்கள் தாராளமானவர்கள்" என்றேன்.

பொன்னாடை போர்த்தியாகிவிட்டது. இனி ஆபத்து இல்லை என்று நான் மூச்சு விட்ட நேரத்தில், பொருளாளர் தங்கத் தாள் சுற்றிய பெரிய பொதி ஒன்றைச் சுமந்துகொண்டு படியேறினார். யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாத பரிசாம். அதிகாரியின் கையாலேயே பிரிக்க வைத்தார்கள். உள்ளே சட்டம் போட்ட புகைப்படம். ஆப்கான் அண்ணை நடுவில், சுற்றிவரத் தமிழ்ப் பிள்ளைகள், பின்னால் ரயில் நிலையம். அவர்கள் பிடித்திருந்த பதாகையில் ஊரின் பெயர் கொட்டை எழுத்தில்: ஸ்டுட்கார்ட்.

ஸ்டுட்கார்ட் வேறு மாநிலம். அங்கிருந்த தமிழ் இளைஞர்கள் பேச வரச்சொல்லிக் கெஞ்சியதால் அவர் சத்தமில்லாமல் போய் வந்திருந்தார். எல்லை தாண்டக் கூடாது என்பது சங்கத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேர் ஒரு காலத்தில் இதே போன்ற தாளோடு இந்த நாட்டில் இருந்தவர்கள்தான். ஆனால் விளக்கேற்றிய மேடையில் ஏறும்போது எங்கள் ஆட்கள் செருப்போடு சட்டத்தையும் கழற்றிக் கீழே விட்டுவிடுவார்கள்.

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பதாகையை வாசித்தார். "இது ஸ்டுட்கார்ட்டா?"

ஊரின் பெயர் மட்டும் விளங்கிய தலைவர் பூரித்துப்போனார். "ஓம் ஓம், ஸ்டுட்கார்ட்! தம்பி, ரெண்டு தரம் போனவர் எண்டும் சொல்லு. றெயில் காசும் தன்ரை எண்டு சொல்லு!"

எத்தனையோ வருடம் ஊருக்கெல்லாம் மொழிபெயர்த்த எனக்கு அந்த நேரம் இரண்டு மொழியும் இல்லை.

ஆப்கான் அண்ணையே பதில் சொன்னார். "ஆமாம், ஸ்டுட்கார்ட். பிள்ளைகள் கூப்பிட்டார்கள், போனேன்."

உள்ளூர்ப் பத்திரிகையின் படப்பிடிப்பாளர் கீழே நின்று கையசைத்தார். "மூன்று பேரும் படத்தைப் பிடியுங்கள், இங்கே பாருங்கள்!"

அதிகாரி புகைப்படத்தைப் பார்த்தார். கமராவைப் பார்த்தார். நாளைய பத்திரிகையும் மூன்றாம் மாடியும் அவருடைய முகத்தில் மாறி மாறி ஓடின. பிறகு தொண்டையைச் செருமினார். "படத்தின் கண்ணாடி வெளிச்சத்தில் மின்னும். திருப்பிப் பிடிப்போம்."

அப்படியே பிடித்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா கேட்டார். "நீ சொன்னது தலைவர் கதைச்சதிலை கால்வாசியும் வராதே? எனக்கு டொச் விளங்காது. நேரம் விளங்கும்."

பத்திரிகையில் படம் வந்தது. சங்கத் தலைவர், அதிகாரி, ஆப்கான் அண்ணை மூவரும் ஒரு பழுப்பு மட்டையைப் பெருமையோடு ஏந்திக்கொண்டு நிற்கிறார்கள். 'தமிழ்க் கலைப்படைப்பு வழங்கப்பட்டது' என்று கீழே போட்டிருந்தார்கள். அதிகாரி படத்தைத் திருப்பியது இரக்கத்தாலா, அந்தப் படத்தோடு தன் முகமும் சேர்ந்து வரக் கூடாது என்ற பயத்தாலா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் கிழமையே அவர் குழுவுக்கு நல்ல வார்த்தை சொல்லி முடித்தார் என்பது மட்டும் தெரியும். பயந்த மனிதர்கள் சில வேளைகளில் நல்லவர்களைவிட வேகமாக வேலை செய்கிறார்கள்.

மாரிகாலத்தில் ஆப்கான் அண்ணைக்கு ஒரு வருட வதிவிட அனுமதி கிடைத்தது. அடுத்த சனிக்கிழமை தலைவர் லட்டுப் பெட்டியோடு அடித்தள அறைக்கு வந்தார்.

"பாத்தியளே, பொன்னாடை எண்டால் சும்மாவே?"

ஆப்கான் அண்ணை ஒரு லட்டை எடுத்துக்கொண்டு, நான் சொல்வதை அப்படியே சொல் என்றார் என்னிடம். "உங்களுக்கு நன்றி. ஆனால் இதை ஒரு வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். அதுவரை மேடையில் என்னைப் பற்றி ஒன்றும் பேச வேண்டாம். பேசியே தீர வேண்டும் என்றால், இவன் ஒரு சோம்பேறி என்று பேசுங்கள்."

ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னேன். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்ன தன்னடக்கம் பாத்தியே தம்பி! வாற விழாவிலை இதைத்தான் கதைக்கப்போறன். அரை மணித்தியாலம் கதைப்பன்!"

"என்ன சொல்கிறார்?" என்று ஆப்கான் அண்ணை என்னைக் கேட்டார்.

"சரி என்கிறார்."

அவர் என்னையும் தலைவரின் ஈரக் கண்களையும் பார்த்தார். பிறகு, அடுத்த விழா எந்த மாதம் என்று கேட்டார்.